மிக்சி வாங்கும் முறை: கடைக்குப் போவது ஐந்தாவது படி

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் 9 வருடம் கவுன்டரில் நின்றவன் நான். மிக்சி வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது "எவ்வளவு குறைப்பீங்க?" ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் குறையோடு வந்து நிற்பார்கள். அப்போது வாட்ஸைப் பற்றியும் பேச மாட்டார்கள், விலையைப் பற்றியும் பேச மாட்டார்கள். மூடி நிற்கவில்லை, சின்ன ஜாரில் சட்னி அரைபடவில்லை, கப்ளர் (மோட்டாரையும் ஜார் பிளேடையும் இணைக்கும் பல் வைத்த பாகம்) எங்கேயும் கிடைக்கவில்லை, வயர் சுவிட்சுக்கு எட்டவில்லை என்பார்கள்.

வாங்கும்போது பார்ப்பது ஒன்று, வாங்கியபின் படுத்துவது வேறொன்று. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கும் வீட்டிலும் தெருவிலும் முடிகிற வேலைதான், காசு செலவில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு இன்ச் டேப், இப்போது புழங்குகிற சின்ன ஜார், இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு வெள்ளைத் துணி.

1. பழைய மிக்சி எதனால் போனது என்று பாருங்கள்

புதுசு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையதில் என்ன கோளாறு என்றே தெரியாது. "ஓடலை" என்பதோடு சரி. காரணம் தெரியாமல் வாங்கினால் அதே குறையை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். அதுதான் ஓவர்லோட் பட்டன். மோட்டாரால் தாங்க முடியாத பளு வந்தால் அது தானாக வெளியே வந்து கரன்ட்டை நிறுத்திவிடும். ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் மிக்சி பழையபடி ஓடும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அதிரசத்துக்கு மாவு அரைக்கும்போது நின்றுபோன மிக்சியோடு ஒருவர் வந்தார். கையில் புதுசு வாங்கப் பணமும் இருந்தது. கவிழ்த்து அழுத்தினேன், ஓடியது. முதலாளி என்னை முறைத்த முறை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பட்டனில் கோளாறு இல்லையென்றால் சத்தத்தைக் கவனியுங்கள். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஜாருக்கு அடியில் ஈரம் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷோ, கசிவைத் தடுக்கும் வாஷரோ போயிருக்கிறது. நின்று நின்று ஓடி, உள்ளே பொறி பறந்தால் கார்பன் பிரஷ் (சுற்றும் மோட்டாருக்குக் கரன்ட்டைக் கொண்டுபோகும் கரித்துண்டு) தீர்ந்திருக்கும். இந்த மூன்றும் சின்ன ரிப்பேர்தான். எரிந்த நாற்றத்தோடு மோட்டார் அடியோடு நின்றுவிட்டால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கலாம். அப்போது புதுசைப் பற்றி யோசிப்பது நியாயம்.

2. ஒரு வாரம் என்ன அரைக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை மிக்சி போடும்போதும் என்ன அரைத்தீர்கள், எவ்வளவு, எந்த ஜாரில் என்று ஒரு வரி எழுதுங்கள். ஏழு நாள் போதும். கடையில் நின்றுகொண்டு யோசித்தால் ஜூஸ், மசாலா, இட்லி மாவு, மில்க் ஷேக் என்று ஆசைகளெல்லாம் பட்டியலுக்குள் வந்துவிடும். தாளில் அதெல்லாம் இருக்காது. "தேங்காய்ச் சட்னி, கால் மூடி, சின்ன ஜார்" என்று நாலு நாள் இருக்கும். மிளகு சீரகம் ஒரு நாள், இஞ்சி பூண்டு விழுது ஒரு நாள்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும், வீட்டில் இரண்டே பேர். அவர்களுக்கு நான் 1000 வாட்ஸ் மிக்சி ஒன்றை விற்றேன். நாலு ஜார், பளபளப்பு, அந்த மாதம் அதற்குக் கமிஷனும் அதிகம். பத்தாம் நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். "தம்பி, ரெண்டு பேருக்குச் சட்னி அரைச்சா பிள்ளையாருக்கு அபிஷேகம் பண்ண மாதிரி ஜார் பூரா தெறிச்சு ஒட்டிக்குது. கீழ பிளேடு சும்மா சுத்துது. வழிச்சு வழிச்சு விட்டே கை வலிக்குது." அந்த மாடலின் சட்னி ஜாரே அரை லிட்டருக்கு மேல். கால் மூடித் தேங்காய் பிளேடு மட்டத்துக்குக்கூட வரவில்லை. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு அது தப்பான மிக்சி, அவ்வளவுதான்.

தாளில் அதிகம் வருவது எதுவோ அதற்காக வாங்குங்கள். மாதம் ஒருமுறை அரைப்பதற்காக வாங்க வேண்டாம். சட்னிதான் அதிகம் என்றால் சின்ன ஜார் சரியாக இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை இட்லி மாவும் மிக்சியில்தான் என்றால் பெரிய ஜாரும் மோட்டாரும் முக்கியம். வீட்டில் கிரைண்டர் இருந்தால் மாவை அதற்கு விட்டுவிட்டு மிக்சியின் தேவையைக் குறைத்துக்கொள்ளலாம்.

விரலி மஞ்சளையும் கிலோ கணக்கில் மல்லி மிளகாயையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மில்லுக்குப் போக வேண்டிய வேலை. மஞ்சளை மிக்சியில் போட்டுக் கப்ளர் பல் உடைந்து வந்தவர்களை எண்ணி முடியாது.

3. மேடையை அளந்துகொள்ளுங்கள்

சுவிட்ச் போர்டிலிருந்து மிக்சி வைக்கும் இடம்வரை டேப் பிடியுங்கள். நிறைய மாடல்களில் வயர் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். எட்டாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரும், அது சிங்க் ஓரமாகக் கிடக்கும், ஈரக்கை படும்.

மேலே அலமாரி இருந்தால் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய ஜாரை மாட்டி மூடியைத் தூக்க இடம் வேண்டும். ப்ளக் மூன்று பின்னா என்று பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் கன்வர்ட்டர் போட்டு ஓட்டாதீர்கள். 750 வாட்ஸ் மிக்சி 230 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் போலத்தான் இழுக்கும், அதனால் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டே போதும்.

4. கடைக்கு முன்னால் ரிப்பேர்காரரைப் பாருங்கள்

உங்கள் தெருவிலோ பக்கத்துப் பஜாரிலோ மிக்சி ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் "அண்ணே, எது நல்ல மிக்சி?" என்று கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் தனக்குப் பிடித்த பெயரைத்தான் சொல்வார்கள். "எந்தக் கம்பெனி கப்ளர், புஷ், வாஷர் எல்லாம் இப்பவே உங்க கடையில இருக்கு?" என்று கேளுங்கள். அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்வதைவிட அந்த அலமாரி அதிகம் சொல்லும்.

வாரன்டி கார்டைப் படித்தால் இதற்குக் காரணம் புரியும். மிக்சிக்கு 2 வருடம், மோட்டாருக்கு 5 வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் கப்ளர், பிளேடு, வாஷர், மூடி, உடைந்த பிளாஸ்டிக் பாகங்கள் சேராது என்று இருக்கும். முதலில் போவதெல்லாம் வாரன்டிக்கு வெளியே, பத்து வருடம் தாங்குவது வாரன்டிக்கு உள்ளே. அதனால் 5 வருட வாரன்டியைவிட, 2 கிலோமீட்டருக்குள் கப்ளர் கிடைப்பதுதான் நடைமுறையில் பெரிய விஷயம்.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கம்பெனி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பின்கோடு சொன்னால் சொல்லிவிடுவார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே போனை எடுக்காதவர்கள் வாங்கியபின் எடுப்பார்களா என்பது உங்கள் யோசனைக்கு.

5. கடையில்: முதலில் ஜார், அப்புறம்தான் மோட்டார்

விற்பவர் உடனே மோட்டாரை ஓட்டிக் காட்டுவார். நானும் அப்படித்தான் செய்தேன். காலி ஜாரோடு எந்த மிக்சியும் சீறிக்கொண்டுதான் ஓடும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. "ஜாரைக் கொடுங்க, முதல்ல அதைப் பார்க்கிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். தினமும் உங்கள் கை படப்போவது ஜாரில்தான்.

சின்ன ஜாரை, கொண்டுபோன பழைய ஜாரின் பக்கத்தில் வையுங்கள். கேட்லாக்கில் 400 மில்லி என்று இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். உள்ளே எட்டிப் பாருங்கள். பிளேடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு கொஞ்சமான சட்னியும் மாட்டும். அடியும் சுவரும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். வளைவாக இருந்தால் விழுது வழித்து எடுக்க வரும். கூர்மையான மூலை இருந்தால் தினமும் பிரஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஜாரைக் கவிழ்த்து, அடியில் உள்ள கப்ளரைப் பிடித்துக் கையால் சுற்றுங்கள். பிளேடு இறுகாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆடினால் புஷ் சரியில்லை. இன்று ஆடுவது மூன்று மாதத்தில் கசியும். பிறகு கைப்பிடியை ஈரக்கையோடு பிடிப்பதாக நினைத்துப் பாருங்கள். முழு ஜார் மாவோடு தூக்கும்போது விரல் நழுவாமல் இருக்கிறதா? வீட்டில் யார் அதிகம் அரைக்கிறார்களோ அவரே பிடித்துப் பார்க்க வேண்டும். அப்பா மட்டும் போய் வாங்கி வந்த மிக்சிகளுக்கு ஒரு தனிப் புராணமே எழுதலாம்.

ஸ்டீல் தரம் பார்க்கக் காந்தம் எடுத்து வருகிறவர்கள் உண்டு. 304 என்கிற நல்ல தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, அதைவிட மலிவான 202-லும் அநேகமாக ஒட்டாது. அதனால் இந்தச் சோதனையால் தரம் தெரியாது. தகட்டின் கனம், ஓரத்தின் மழுமழுப்பு, கைப்பிடி சேரும் இடத்தின் வெல்டிங், இவற்றைப் பாருங்கள்.

இனி தண்ணீர். பெரிய ஜாரில் பாதி ஊற்றி, மூடி, வெள்ளைத் துணியின் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். துணி நனையக்கூடாது. பிறகு மோட்டாரில் மாட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகத்தைக் கூட்டுங்கள். மூடி வழியாகத் தெறிக்கிறதா என்று பாருங்கள். மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது என்றால் அந்த மாடல் வேண்டாம். காலையில் ஒரு கை தோசைக்கல்லில் இருக்கும்.

கடைசியாகப் பொட்டுக்கடலை. சின்ன ஜாரில் ஒரு கைப்பிடி போட்டு, இடப்பக்கம் திருப்பும் பல்ஸில் நாலைந்து முறை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மாதிரி பொடியாகிறதா, மேலே முழுசாக நிற்கிறதா என்று பாருங்கள். சில கடைகளில் விட மாட்டார்கள், "டெமோ பீஸ்ல பண்ணுங்க" என்பார்கள். அது போதும். அதற்கும் மறுத்தால் அடுத்த கடை.

ஓடும்போது மோட்டார் மேல் உள்ளங்கையை வையுங்கள். கடைச் சத்தத்தில் மிக்சியின் இரைச்சலைக் காதால் அளக்க முடியாது, ஆனால் அதிர்வு கைக்குத் தெரியும். காலடியில் உள்ள ரப்பர் மேடையைக் கவ்வாமல் மிக்சி நகர்ந்துகொண்டே போனால் வீட்டு கிரானைட்டில் இன்னும் அதிகம் நகரும்.

6. வாட்ஸை இப்போது கேளுங்கள்

சட்னி, மசாலா, கொஞ்சம் பொடி என்றால் 500 போதும். அதோடு மாவும் அரைக்கிற நாலைந்து பேர் குடும்பத்துக்கு 750. 1000 என்பது கூட்டுக் குடும்பத்துக்கோ வீட்டில் பலகார ஆர்டர் எடுப்பவர்களுக்கோ. இது என் கணக்கு. வாட்ஸ் என்பது மிக்சி இழுக்கிற கரன்ட்டின் அளவு, அரைக்கிற திறமைக்கான மார்க் அல்ல. பிளேடும் ஜாரின் வடிவமும் மோசமாக இருந்தால் எத்தனை வாட்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை.

கரன்ட் பில்லை நினைத்துக் குறைவான வாட்ஸ் வாங்கவும் வேண்டாம். 750 வாட்ஸ் மிக்சி தினமும் 20 நிமிடம் ஓடினால் கால் யூனிட். நாள் முழுக்க ஓடும் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும்தான் அந்தக் கவலை. பி.எல்.டி.சி. என்கிற, கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்ஸ் போல இழுக்கிற இடத்தில் பழைய ஃபேன் 75 இழுக்கும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அங்கே பிடியுங்கள்.

அடியில் உள்ள லேபிளில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்று இருக்கும். 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு. மாவு அரைப்பவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

7. விலை பேசும் வரிசை

எக்ஸ்சேஞ்ச் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். "பழசு எதுவும் இல்லை, கடைசி விலை என்ன?" என்று கேட்டு முடித்துவிட்டு, பிறகு பழையதைச் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால், விலையை ஏற்றிவிட்டு அதையே எக்ஸ்சேஞ்ச் என்று கழிப்பது கவுன்டரில் சுலபமான வேலை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் வந்த மிக்சி இன்னும் ஓடினால் அதைத் தள்ளிவிட வேண்டாம். புதுசு சர்வீஸுக்குப் போகும் வாரத்தில் அதன் அருமை தெரியும்.

8. பில்லும் பெட்டியும்

கணினி பில் வாங்குங்கள். மாடல் பெயரும் மோட்டாரின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாரன்டிக்குப் போகும்போது "இது அந்த மிக்சிதானா?" என்று இழுப்பார்கள். வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., புகார் எண் ஆகியவை அச்சிட்டிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதற்கு மேலே ஐ.எஸ். 4250 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். ஒரு நிமிட வேலை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஆனால் "கலர் பிடிக்கலை" என்பது பழுது ஆகாது.

ஆன்லைனில் வாங்கினால் ஐந்தாம் படி முழுவதும் வீட்டில்தான் நடக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் தண்ணீர்ச் சோதனையை முடித்துவிடுங்கள். கண்காட்சிப் பொருள் மாதிரி ஒரு வாரம் பெட்டியிலேயே வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துப் பிரித்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

9. முதல் நாள்

ஜார்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டிக் கொட்டுங்கள். புஷ்ஷில் உள்ள எண்ணெய்ப் பசை கறுப்பாக வரும். தெளிவாகும்வரை செய்யுங்கள். மோட்டார் முதல் சில தடவை லேசாக வார்னிஷ் வாடை அடிக்கும், அது காயில் மேல் பூசியது. புகை வந்தால்தான் நிறுத்த வேண்டும்.

பிளேடு கூராகும் என்று கல் உப்புப் போட்டு அரைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்புத் தண்ணீர் புஷ்ஷுக்குள் இறங்கித் துருதான் ஏறும்.

சூடான தக்காளியை அப்படியே போடாதீர்கள், ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். சாயங்காலம் லோ வோல்டேஜில் மோட்டார் இழுத்து முனகினால் நிறுத்திவிடுங்கள், அந்த முனகலில்தான் காயில் சூடாகிறது.

10. முதல் மாதம்

ஏழு நாள் தாளில் எழுதியதையெல்லாம் முதல் வாரத்திலேயே ஒருமுறை அரைத்துவிடுங்கள். கசிவு, மூடி, ஆட்டம் எதுவாக இருந்தாலும் அந்த 30 நாளுக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

குறை வந்தால் போனில் பேசுவதோடு நிற்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பில் படத்தோடு எழுதி, புகார் எண் வாங்குங்கள். ஒரு முறை என் அத்தைக்காக ஒரு சர்வீஸ் சென்டருக்கு மூன்று வாரம் போனிலேயே அலைந்தேன். கடைசியில் "உங்க பேர்ல கம்ப்ளெய்ன்ட்டே பதிவாகலையே" என்றார்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கெடு 2 வருடம், 5 லட்சம் ரூபாய்வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாடல் இன்னும் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாம் படியில் பார்த்த ரிப்பேர்காரரிடம் ஒரு கப்ளரும் ஜாருக்கு ஒன்றாக வாஷரும் வாங்கி வையுங்கள். கவரின் மேல் மாடல் பெயரை எழுதி, வாரன்டி கார்டோடு மசாலா டப்பா இருக்கும் அலமாரியில் வையுங்கள். பரணில் வைத்தால் தேவைப்படும் அன்று யாருக்கும் ஞாபகம் வராது.